பெயரில் ஓர் எழுத்து

"ஜெயிச்சவங்களுக்குப் பரிசே போகல, தாத்தா" என்றான் பேரன். ராக்னராக் விளையாட்டின் சர்வருக்கு ஆர்-அத்தீனா மொழியில் ஸ்கிரிப்ட் எழுதுகிறான். அதில் இரு பரிமாண அரே கிடையாது. அதனால் அணிக்கு ஓர் அரே. பெயரை ஓடும்போதே ஒட்டி, 'செட்-டி'யால் எழுதி 'கெட்-டி'யால் படிக்கிறான். படிக்கும் இடத்தில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. இல்லாத பெயரைக் கேட்டால் அந்த மொழி தடுக்காது, பூஜ்யம் தரும்.

பேரேட்டில் 'சுப்ரமணியம்', 'சுப்பிரமணியம்' என்று இரண்டு பக்கம் திறந்து அவதிப்பட்டவன் நான். சத்தம் போடும் பிழையைவிட சாதுவான பூஜ்யம் ஆபத்தானது.

பெயரை ஒட்டுவது தப்பில்லை. பத்து இடத்தில் ஒட்டுவதுதான் தப்பு. ஒரே ஃபங்ஷனில் ஒட்டுங்கள். எல்லோரும் அதையே கேட்கட்டும். பேரனிடமும் அதைத்தான் சொன்னேன்.