பர்சன்ட் ஃபீல்டை நம்பலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர், எக்ஸெல் பழகிய பின்னர் அக்சஸ் பக்கம் வருகின்றனர். கடைக் கணக்கு, டியூஷன் பீஸ் என ஏதேனும் ஒரு டேட்டாபேஸ் அமைத்து, அதற்கு ஒரு பாரமும் உருவாக்கிவிடுகின்றனர். அதில் தள்ளுபடிக்கோ வரிக்கோ ஒரு பர்சன்ட் ஃபீல்டு கட்டாயம் இருக்கும். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது இதைத்தான். என்னைக் கேட்டால், முதலில் சந்தேகப்பட வேண்டியதும் இதைத்தான்.

நான் வசிக்கும் கருவடிக்குப்பத்தில், ஓய்வு நேரங்களில் சிறு கடைகளுக்கு பில் போடும் பாரம் அமைத்துத் தருகிறேன். சொந்தமாக முயன்று பார்த்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “5% என டைப் செய்தால் 0.00% என வருகிறதே, ஏன் சார்?” என்பதுதான். கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை. அக்சஸில் நம்பர் ஃபீல்டு மாறாநிலையில் லாங் இன்டிஜர் என அமைகிறது. இது முழு எண்களை மட்டுமே ஏற்கும். 5% என்பது கம்ப்யூட்டருக்கு 0.05, ஆகவே பூஜ்யமே பதிவாகிறது. ஃபீல்டு சைஸ் என்பதில் டபுள் எனத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

பூஜ்யம் வந்தால் உடனே தெரிந்துவிடும். தெரியாமல் இருக்கும் பிழைதான் ஆபத்தானது. தள்ளுபடி 6.75% எனப் பதிவாகியுள்ளது; டெசிமல் பிளேசஸ் 0 என அமைத்துள்ளீர்கள் என வைத்துக் கொள்வோம். பாரத்தில் 7% என்றே தெரியும். 1,200 ரூபாய்க்குக் கம்ப்யூட்டர் 81 ரூபாய் கழிக்கும். வாடிக்கையாளர் கால்குலேட்டரில் போட்டால் 84 வரும். திரையில் தெரிவது வேறு, உள்ளே இருப்பது வேறு.

இது சின்ன விஷயம் அல்ல. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தில் 1992 ஏப்ரலில் தேர்தல் நடந்தது. சட்டமன்றத்தில் இடம்பெற 5% வாக்கு தேவை. பசுமைக் கட்சி பெற்றது 4.97%. புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் மட்டுமே அச்சிட்ட புரோகிராம் அதனை 5.0% எனக் காட்டியது. பிழை தெரிந்த பின்னர் அந்தக் கட்சி இடங்களை இழந்தது. சோஷியல் டெமாக்ரடிக் கட்சிக்குப் பெரும்பான்மை கிடைத்தது.

அடுத்தது ரவுண்ட் செய்வது. 25 பைசா நாணயம் 2011 ஜூன் 30க்குப் பின் செல்லாது; 50 பைசா செல்லும் என்றாலும் கடைகளில் பார்ப்பது அரிது. எனவே எங்காவது ரவுண்ட் செய்துதான் ஆக வேண்டும். 2017ஆம் ஆண்டின் ஜி.எஸ்.டி. சட்டம் 170ஆவது பிரிவில், கட்ட வேண்டிய வரியில் 50 பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு ரூபாயாக உயர்த்தவும், குறைந்தால் விட்டுவிடவும் சொல்கிறது. ஆனால் அக்சஸில் உள்ள ரவுண்ட் பங்ஷன், சரியாகப் பாதி வந்தால் அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குச் செல்லும். புதுச்சேரியில் விற்கும் பொருளுக்கு 5% வரி, மத்திய வரி 2.5%, மாநில வரி 2.5% எனப் பிரியும். 48,500 ரூபாய்க்கு ஒவ்வொன்றும் 1,212.50. சட்டப்படி 1,213, அக்சஸ் தருவது 1,212. எக்ஸெல்லின் ரவுண்ட் பங்ஷனோ 1,213 எனத் தரும். ஒரே நிறுவனத்தின் இரண்டு தொகுப்புகள், இரண்டு விடைகள்!

“ஒரு ரூபாய்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்?” என்பார்கள் என் துறை நண்பர்கள் சிலர். இதை நான் ஏற்பதில்லை. பில்லில் உள்ள வரிகளைக் கூட்டினால் மொத்தம் வர வேண்டும். வராவிட்டால் வாடிக்கையாளர் கம்ப்யூட்டரைத் திட்டமாட்டார், கடைக்காரரைத்தான் சந்தேகப்படுவார்.

எனவே மூன்றைக் கடைப்பிடியுங்கள். பணத்திற்குக் கரன்சி வகை ஃபீல்டையே பயன்படுத்துங்கள். இது புள்ளிக்குப் பின் நான்கு இலக்கங்களைத் துல்லியமாக வைத்துக்கொள்ளும். ரவுண்ட் செய்ய, தொகையுடன் 0.5 கூட்டி, இன்ட் பங்ஷன் மூலம் முழு எண்ணை மட்டும் எடுங்கள். ரவுண்ட் செய்த தொகையையே டேபிளில் பதிந்து, அதையே கூட்டுங்கள்.

எந்த இடத்தில் ரவுண்ட் செய்வது என்பதைக் கணக்கு வைத்திருப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதைப் புரோகிராமின் விருப்பத்திற்கு விட்டுவிடாதீர்கள். முதல் டேபிளை அமைக்கும் முன்பே இதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.