பூங்காவுக்குக் கடன் பத்திரம் கூடாதா?

மாநகராட்சிகள் கடன் பத்திரம் வெளியிட்டுத் திரட்டும் பணம் குடிநீருக்கும் கழிவுநீருக்குமே போக வேண்டும். பழைய குடியிருப்பில் பூங்கா அமைக்க அப்படிக் கடன் வாங்குவது வீண் என்பது பரவலான வாதம்.

பூங்காவில் வருமானம் இல்லை என்பது அதன் முதல் காரணம். மும்பையின் மாட்டுங்கா பகுதியின் வரலாறு இதை மறுக்கிறது. 1896 பிளேக்கைத் தொடர்ந்து 1898-இல் அமைந்த பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட், கடன் பத்திரங்களால் பணம் திரட்டியது. தாதர்-மாட்டுங்காவில் நிலம் எடுத்து, சாலை போட்டு, மனை பிரித்துக் குத்தகைக்கு விட்டது. சாலைகள் கூடும் இடத்தைச் சுற்றி ஐந்து துண்டுகளாக விரியும் ஃபைவ் கார்டன்ஸ் அந்தத் திட்டத்தில் விடப்பட்ட திறந்தவெளி. வாசலில் டிக்கெட் கிழித்துக் கடனை அடைக்க யாரும் எண்ணவில்லை. மனைகளின் வாடகைதான் வரவு. அந்த வரவும் சட்டென்று வந்துவிடவில்லை. 1920களுக்குப் பிறகே கட்டடங்கள் நெருங்கின, தென்னிந்தியக் குடும்பங்கள் திரளாகக் குடியேறின, அவர்களின் எஸ்.ஐ.இ.எஸ். கல்விச் சங்கம் 1932-இல் தோன்றியது. பொறுமை இல்லாத கடனுக்குப் பூங்கா ஏற்றதல்ல என்று வேண்டுமானால் சொல்லலாம்.

பேரப்பிள்ளைகள் தலையில் கடனா என்பது அடுத்த கேள்வி. மரம் நிழல் தரும் காலத்தில் அங்கே உட்காரப்போவது அவர்கள்தான். செலவிலும் பங்கேற்பது நியாயமே. ஐந்தாண்டில் துருப்பிடிக்கும் வேலியையும் தோட்டக்காரர் சம்பளத்தையும் பத்தாண்டுப் பத்திரத்தில் ஏற்றுவதுதான் தவறு. அவை ஆண்டு பட்ஜெட்டுக்கு உரியவை.

வருமானம் தராத திட்டத்தை நம்பி முதலீட்டாளர் பணம் போடமாட்டார் என்பது மூன்றாவது வாதம். 1998-இல் மாநில அரசின் உத்தரவாதம் இல்லாமலே அகமதாபாத் 100 கோடி ரூபாய் திரட்டியது. பணம் போனது குடிநீர், கழிவுநீர்ப் பணிகளுக்கு. ஈடாக ஒதுக்கி வைக்கப்பட்டதோ நகருக்குள் வரும் சரக்குகளுக்கான ஆக்ட்ராய் சுங்க வசூல். சென்னை மாநகராட்சி 2025-இல் வெளியிட்ட 200 கோடி ரூபாய்ப் பத்திரம் கொசஸ்தலையாற்று வடிநிலத்தின் மழைநீர் வடிகாலுக்கானது. வடிகாலுக்குக் கட்டணம் கட்டுபவர் எவருமில்லை. கடன் கொடுப்பவர் பார்ப்பது மாநகராட்சியின் வரி வசூலையும் தர மதிப்பீட்டையும்தான்.

அந்த அளவுகோலில் மும்பைக்கு அருகிலுள்ள உல்லாஸ்நகர் இடறும். ராணுவ முகாமில் சிந்தி அகதிகளைக் குடியமர்த்தி 1949-இல் பெயர் சூட்டப்பட்ட ஊர் அது. கோல் மைதானம் போன்ற பழைய திறந்தவெளிகள் உண்டு. ஆனால் முறைப்படுத்தத் தனிச் சட்டமே தேவைப்படும் அளவுக்கு அனுமதியற்ற கட்டடங்கள் பெருகிய இடத்தில், எந்த மனை யாருடையது, அதன் மதிப்பு எவ்வளவு என்ற கணக்கே தெளிவாக இராது. அங்கே பத்திரத்துக்குத் தடை பூங்கா அல்ல. நிலப் பதிவும் சொத்து வரிப் பேரேடும்தான்.