காற்றைக் கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள்

சீஷெல்ஸ் தீவுகளில் பாய்மரப் படகு ஒன்றை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்து, அதிலேயே சமைத்துச் சாப்பிட்டு, அதிலேயே தூங்கி, தீவு தீவாகச் சுற்றிவர ஆசைப்படுகிற குடும்பங்கள் நம் ஊரிலும் உண்டு. ஆசையில் குற்றமில்லை. திட்டம் போடுகிற வரிசையில்தான் கோளாறு. முதலில் படகைப் பார்க்கிறார்கள்: எத்தனை அறை, ஏசி உண்டா, சமைக்க ஆள் வருமா. பிறகு படங்களில் பார்த்த கடற்கரைகளுக்குப் பட்டியல் எழுதுகிறார்கள். விமான டிக்கெட் எந்த வாரம் மலிவோ அந்த வாரத்தில் தேதியைக் குறிக்கிறார்கள். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்ற கேள்வி படகில் ஏறி, வயிற்றைப் புரட்டும்போதுதான் எழுகிறது. இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும் என்பது என் கட்சி. முதலில் காற்று, அதை வைத்து மாதம், மாதத்தை வைத்து எந்தக் கரை என்பது, படகு கடைசியில்.

சீஷெல்ஸில் ஆண்டை இரண்டு காற்றுகள் பங்குபோட்டுக்கொள்கின்றன. மே முதல் அக்டோபர் தொடக்கம் வரை தென்கிழக்குக் காற்று. டிசம்பர் முதல் மார்ச் வரை வடமேற்குக் காற்று. இரண்டுமே நமக்கு அந்நியமில்லை. அங்கே தென்கிழக்கிலிருந்து அடிக்கிற காற்றுதான் பூமத்திய ரேகையைத் தாண்டியதும் பூமியின் சுழற்சியால் வலப்பக்கம் வளைந்து, ஜூன் மாதத்தில் கேரளக் கரைக்குத் தென்மேற்குப் பருவமழையைக் கொண்டுவருகிறது. நம் பக்கத்து வாடை தெற்கே போய் ரேகையைக் கடந்து இடப்பக்கம் திரும்பினால் அங்கே வடமேற்குக் காற்று. குற்றாலத்தில் சாரல் விழுகிற நாட்களில் மாஹே தீவின் கிழக்குக் கரையில் அலை எகிறிக்கொண்டிருக்கும் என்று வைத்துக்கொண்டால் கணக்கு பெரிதாகப் பிசகாது. வாடை, சோழகம், கச்சான், கொண்டல் என்று காற்றின் பெயரைச் சொல்லியே பருவத்தைப் பேசுகிற மீனவர்கள் உள்ள கரையிலிருந்து புறப்படுகிறோம். அந்த அறிவை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை.

காற்றின் திசை மாறினால் என்ன ஆகும்? நல்ல கடற்கரையும் கெட்ட கடற்கரையும் இடம் மாறிக்கொள்ளும். பிராஸ்லின் தீவின் வடமேற்கு மூலையில் இருக்கும் ஆன்ஸ் லாசியோவை எடுத்துக்கொள்ளுங்கள். உலகத்தின் அழகான கடற்கரைகள் என்று யார் பட்டியல் போட்டாலும் அதில் இடம்பிடிக்கிற கரை அது. ஜூலையில் தென்கிழக்குக் காற்றுக்குத் தீவின் மலையே மறைப்பாக நிற்பதால் அங்கே நங்கூரம் போட்டு நிம்மதியாகத் தூங்கலாம். ஜனவரியில் அதே விரிகுடா காற்றுக்கு நேர் எதிரே வாயைத் திறந்துகொண்டிருக்கும். அலை உள்ளே புரண்டு வந்து படகை இரவு முழுக்க ஆட்டும். நங்கூரம் மணலில் இழுபடும். மாஹேயின் போ வல்லோன் கரைக்கும் இதே கதைதான். லா டீக் தீவின் தென்கிழக்கில் உள்ள கிராண்ட் ஆன்ஸில் நிலைமை இதற்கு நேர்மாறு. தென்கிழக்குக் காற்றுக் காலத்தில் அங்கே நீரோட்டம் ஆளை இழுத்துக்கொண்டு போகும். பறவைகளுக்குப் பேர்போன அரீட் தீவில் அந்த மாதங்களில் பல நாட்கள் கரையில் இறங்கவே முடியாது. இறங்க முடிகிற நாட்களிலும் உங்கள் படகு கரையைத் தொடக் கூடாது. எலி ஏறிவிடக் கூடாது என்பதற்காகத் தீவின் காவலர்கள் தங்கள் சொந்தப் படகில் வந்து ஆட்களை ஏற்றிப்போவார்கள். அலை பெரிதாக இருந்தால் அவர்களும் வர மாட்டார்கள். ஆக, பத்துக் கடற்கரைகளின் பெயரை எழுதிக்கொண்டு போகிறவர்கள் எந்த மாதம் போனாலும் பாதிப் பெயரை அடிக்க வேண்டிவரும். எந்தப் பாதி என்பதைப் புறப்படுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள முடியும்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். இரண்டு காற்றுக்கும் நடுவே ஏப்ரலிலும், பிறகு அக்டோபர், நவம்பரிலும் கடல் தட்டுப் போல அமைதியாகக் கிடக்கிறதே, விளம்பரத் தாள்களும் அதைத்தானே சிறந்த காலம் என்கின்றன, அப்போதே போய்விட்டால் இந்தத் திசைக் கணக்கெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். விளம்பரம் பொய் சொல்லவில்லை. அந்த மாதங்களில் தண்ணீர் தெளிந்திருக்கும்; கண்ணாடி மாட்டிக்கொண்டு பவளப்பாறைகளைப் பார்க்க அதைவிட நல்ல காலம் கிடையாது. ஆனால் காற்றில்லாத கடலில் பாய்மரப் படகு பாய் விரிக்காது. டீசல் எஞ்சின் நாள் முழுக்க உறுமும். புகை பின்பக்கத்து இருக்கைக்கு வரும். இரவில் காற்றே இல்லாமல் அறை வேகும். ஏசிக்காக ஜெனரேட்டரைப் போட்டால் அதன் இரைச்சல். பாய்மரத்துக்காகக் கூடுதல் பணம் கொடுத்துவிட்டு விசைப்படகில் போவது என்பது அதுதான். வயதான பெற்றோரும் சின்னக் குழந்தைகளும் கூட வருகிறார்கள், அமைதியான கடல்தான் வேண்டும் என்றால் அந்த மாதங்களிலேயே போகலாம். அப்படிப் போகிறவர்களுக்குப் பாய்மரமும் வேண்டாம். பிராஸ்லினிலோ லா டீக்கிலோ ஓர் அறை எடுத்துத் தங்கி, பகலில் உள்ளூர்ப் படகில் போய்வந்தால் செலவும் குறைவு, தூக்கமும் நிச்சயம். பாயில் காற்று பிடித்துப் படகு ஒருபக்கம் சாய்ந்து ஓடுகிற அனுபவம் வேண்டுமென்றால் காற்று இருக்கிற மாதத்தைத்தான் தேட வேண்டும்.

அந்தக் காற்றில் ஒரு நாள் எப்படிப் போகும் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். மாஹேயிலிருந்து பிராஸ்லின் ஏறக்குறைய 25 கடல் மைல், வடகிழக்கே. விரைவுப் படகு ஒரு மணி நேரத்தில் கடந்துவிடும். பாய்மரப் படகு மணிக்கு 6 கடல் மைல் ஓடினாலும் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். போகும்போது தென்கிழக்குக் காற்று வலப்பக்க விலாவில் அடிக்கும். திரும்பும்போது இடப்பக்க விலாவில். பாய்மரத்துக்கு இதைவிட வாகான காற்று கிடையாது, வேகமாக ஓடும். ஆனால் அலையும் விலாவில்தான் மோதும், படகு புரளும், பழக்கமில்லாதவர்களுக்கு அந்த நான்கு மணி நேரம் நீண்ட நேரம். ரேகைக்குப் பக்கத்து ஊர் என்பதால் எந்த மாதமானாலும் மாலை ஆறரை வாக்கில் சட்டென்று இருட்டிவிடும். வாடகைப் படகுகள் இருட்டில் ஓடக் கூடாது என்பது பொது வழக்கம். பவளப்பாறைகளுக்கு நடுவே நுழைவதானால் சூரியன் உச்சியை ஒட்டி இருக்கும்போதே நுழைய வேண்டும். சாய்ந்த வெயிலில் தண்ணீருக்கடியில் பாறை தெரியாது. முதல் நாள் பிற்பகல் படகை ஒப்படைத்து விளக்கிச் சொல்வதில் போய்விடும். கடைசி நாள் இரவுக்குள் துறைக்குப் பக்கத்தில் திரும்பியிருக்க வேண்டும். ஏழு இரவு என்று விற்கப்படுவதில் உங்கள் கையில் நிற்பது ஐந்து பகல். அதில் ஒரு நாளைக் காற்று எடுத்துக்கொள்ளும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாஹே, பிராஸ்லின், கூரியூஸ், லா டீக் என்று நான்கு பெயர் போதும். கூரியூஸ் தீவில் ஆமைகளோடு ஒரு நாள் முழுக்க இருந்தால் அது வீணான நாள் ஆகாது. (தண்ணீரையும் மறக்க வேண்டாம். 600 லிட்டர் தொட்டி, எட்டுப் பேர், ஏழு நாள் என்றால் தலைக்கு ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் சொச்சம்தான். கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி படகில் இருக்கிறதா என்ற கேள்வி ஏசியைவிட முக்கியம்.)

மாதத்தை நாமா முடிவு செய்கிறோம், பள்ளிக்கூடம் அல்லவா முடிவு செய்கிறது என்று அடுத்து கேட்பார்கள். சரியான கேள்வி. தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறைகளைக் காற்றோடு சேர்த்துப் பார்த்தால் விடை கிடைக்கிறது. அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசியில். அப்போது வடமேற்குக் காற்று மழையோடு வரும் (மாஹேயில் அதிக மழை பெய்வது ஜனவரியில்), கிறிஸ்துமஸ் வாரத்து வாடகையோ உச்சத்தில் இருக்கும். கோடை விடுமுறையில் ஏப்ரல் கடைசி வாரம் காற்றில்லாமல் கழியும். மே பிற்பாதியில் தென்கிழக்குக் காற்று பிடிக்கத் தொடங்கும். செப்டம்பர் இறுதியில் வரும் காலாண்டு விடுமுறையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. என் கணிப்பில் அதுதான் ஆக நல்லது. தென்கிழக்குக் காற்று இன்னும் வலுவோடு இருக்கும், ஆனால் ஜூலை, ஆகஸ்டின் முரட்டுத்தனம் தணிந்துகொண்டு வரும், மழை குறைவு, வாடகையும் கிறிஸ்துமஸ் அளவுக்கு ஏறியிராது.

வாடகை மலிவாகக் கிடைக்கிற மாதம் என்றாலே ஆபத்தான மாதம் என்ற பயமும் உண்டு. கரீபியனில் அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஜூன் முதல் நவம்பர் வரை அங்கே சூறாவளிக் காலம். 2017 செப்டம்பர் 6 அன்று பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளை இர்மா சூறாவளி தாக்கியபோது பாதுகாப்பான இடம் என்று நம்பிக் கட்டிவைத்திருந்த வாடகைப் படகுகள் நூற்றுக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. மாஹேயும் பிராஸ்லினும் ரேகைக்குத் தெற்கே 4, 5 பாகையில் இருப்பதால் புயல்கள் அவற்றை அநேகமாகத் தொடுவதில்லை. 2016 ஏப்ரலில் ஃபண்டாலா புயல் சீஷெல்ஸுக்குச் சொந்தமான ஃபார்குவார் தீவைச் சிதைத்தது உண்மை. அது மாஹேயிலிருந்து 700 கிலோமீட்டருக்கும் அப்பால், இன்னும் தெற்கே இருக்கிறது. மலிவுக்கான காரணம் ஒவ்வொரு கடலிலும் வேறு. அந்தக் காரணத்தைத் தெரிந்துகொள்ளாமல் தள்ளுபடியைப் பார்த்து மட்டும் முன்பணம் கட்டக் கூடாது.

படகோட்டத் தெரிந்த ஸ்கிப்பரைத்தான் சம்பளத்துக்கு வைத்துக்கொள்கிறோமே, காற்றைப் பார்ப்பது அவர் வேலை என்பவர்களுக்கு ஒரு பதில். ஸ்கிப்பர் கட்டாயம் வேண்டும். உரிமமும் அனுபவமும் இல்லாதவர்களிடம் படகைத் தனியே கொடுக்கவும் மாட்டார்கள். அவருக்கு ஓர் அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் உங்கள் பொறுப்பு. மாஹேயில் உள்ள விக்டோரியா நகரக் கடைகளில் அரிசி, பருப்பெல்லாம் கிடைக்கும், நவசக்தி விநாயகர் கோயில் இருக்கிற ஊர் அது. ஆனால் ஸ்கிப்பரால் விரிகுடாவை மாற்ற முடியுமே தவிர காற்றை மாற்ற முடியாது. அவரைத் தவறான முடிவுக்குத் தள்ளுவது பெரும்பாலும் விருந்தாளிகளின் கால அட்டவணைதான். மறுநாள் காலை விமானம் என்றால், காத்திருக்க வேண்டிய காற்றிலும் புறப்படச் சொல்வார்கள். படகைத் திருப்பிக் கொடுப்பதற்கும் விமானத்துக்கும் நடுவே மாஹேயில் ஓர் இரவு தங்குங்கள். அந்த ஓட்டல் வாடகையைப் பயணக் காப்பீட்டோடு சேர்த்து எழுதிவிடலாம்.

வானிலைச் செயலி கையில் இருக்கிறதே என்றால், அது ஐந்தாறு நாளைக்குத்தான் நம்பத்தக்கது. படகையோ ஐந்தாறு மாதம் முன்பே பதிவு செய்கிறீர்கள். அந்த இடைவெளியில் உதவுவது பருவக்காற்றின் கணக்கு மட்டுமே. ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன் நிறுவனத்துக்கு மூன்று கேள்விகளை எழுதி அனுப்புங்கள். நான் வருகிற வாரத்தில் காற்று வழக்கமாக எந்தத் திசை, எவ்வளவு வேகம்? அந்தக் காற்றில் ஒவ்வோர் இரவும் எங்கே நங்கூரம் போடுவோம்? எந்தக் கரைகளில் இறங்க முடியாது? மூன்றுக்கும் இடத்தின் பெயரைச் சொல்லிப் பதில் எழுதுகிற நிறுவனத்திடம் பணம் கட்டுங்கள். எல்லா மாதமும் அருமைதான் என்று பதில் வந்தால் வேறு நிறுவனத்தைப் பாருங்கள்.