சராசரி என்னும் மாயை

ஒரு குளிர்சாதனப்பெட்டி இயங்கும்போது 150 வாற்று வலுவை நுகர்கிறது என்றும், மூன்றில் ஒரு பங்கு நேரமே இயங்குகிறது என்றும் கொள்க. ஆயிரம் பெட்டிகளின் சராசரித் தேவை 50 கிலோவாற்று. இந்தப் பெருக்கலோடு தம் பணி முடிந்ததெனக் கருதுவோர் உளர். அவர்தம் கணக்குத் தவறன்று. ஆனால் அது மின்சாரம் தடைப்படாத நாட்டுக்கே உரியது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்ட, 2025 பெப்ரவரி 9 அன்று நாடெங்கும் ஒருங்கே மின்சாரத்தை இழந்த இலங்கை அத்தகைய நாடன்று.

சராசரி நிலைப்பதற்குக் காரணம், பெட்டிகள் ஒன்றையொன்று அறியாது வெவ்வேறு வேளைகளில் இயங்கி ஓய்வதே. சில மணித்தியால மின்வெட்டு இவ்வேறுபாட்டை அழித்துவிடுகிறது. எல்லாப் பெட்டிகளும் மேலெல்லையைத் தாண்டி வெப்பமடைகின்றன; மின்சாரம் மீண்டதும் ஆயிரமும் ஒன்றாகத் தொடங்குகின்றன. தேவை 50 அன்று, 150 கிலோவாற்று. அதுவும் வழமையிலும் நீண்ட நேரத்துக்கு. காப்புச் சாதனம் மீண்டும் துண்டித்தால் பழி பாவனையாளர் தலையில் விழுகிறது. எவரும் ஆளியைத் தொட்டிலர் என்பதை யார் எண்ணிப் பார்க்கின்றனர்?

இஃது அறியப்படாத விடயமன்று. குளிர்நாட்டு வீடுகளின் வெப்பமூட்டிகளை முன்னிறுத்தி இஹாராவும் ஷ்வெப்பேயும் 1981 இல் இதனை ஆராய்ந்தனர். 1985 இல் மல்ஹாமேயும் சோங்கும் தனிச் சாதனங்களைப் பின்தொடர்வதை விடுத்து, இயங்குவனவும் ஓய்வனவும் எவ்வெவ் வெப்பநிலைகளில் எத்துணை உள என்னும் பரம்பலையே போக்கர்-பிளாங்குச் சமன்பாடுகளின் இணையால் விவரித்தனர். குளிரூட்டலுக்குத் திசை மட்டுமே மாறும்.

சமன்பாட்டைத் தீர்ப்பது மட்டும் போதாது. எல்லாப் பெட்டிகளும் ஒரேவகையின, புறக்குழப்பமும் இல்லை எனக் கொண்டால் தேவையின் அலைவு ஓயவே ஓயாது. அதனைத் தணிப்பவை பெட்டிக்குப் பெட்டி உள்ள வேறுபாடும், கதவு திறக்கப்படும் ஒழுங்கின்மையுமே. யாழ்ப்பாணத்துச் சமையலறையும் நுவரெலியாச் சமையலறையும் ஒன்றல்ல. இவற்றை அளவாது, பிறநாட்டு எண்களை இரவல்பெற்று வரையப்படும் வளையிகள் எந்த நிலைமாற்றியையும் காக்கா.

“ஒன்பது மணிவரை நிறுத்திவையுங்கள்” என்னும் வேண்டுகோளும் இவ்வறியாமையின் பிள்ளையே. அனைவரும் கீழ்ப்படியின் ஒன்பது மணிக்கே புதிய உச்சம் எழும். பகுதி பகுதியாக இடைவெளிவிட்டு மின்சாரத்தை மீட்டலும், ஒவ்வொரு சாதனமும் வெவ்வேறு தாமதத்தின் பின் தொடங்குமாறு அமைத்தலும் அவ்வுச்சத்தைத் தாழ்த்தும். இடைவெளி எத்துணை நிமிடம் என்பதைச் சராசரி ஒருபோதும் சொல்லாது.