நம்பர் இருந்தால் துப்பாக்கி பேசும்... கழுவெளியில் சுடும் துப்பாக்கி?

2013 அக்டோபரில் தூத்துக்குடி கடலில் மடக்கப்பட்ட ‘சீமேன் கார்ட் ஓஹியோ’ கப்பல் ஞாபகம் இருக்கா? உள்ளே 35 துப்பாக்கிகள், 5,600-க்கும் அதிகமான தோட்டாக்கள். கடற்கொள்ளையரிடமிருந்து சரக்குக் கப்பல்களைக் காக்கும் கம்பெனியின் துப்பாக்கிகள் என்றது கப்பல் தரப்பு. 2016-ல் 35 பேருக்கும் 5 ஆண்டு சிறை. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை எல்லோரையும் விடுவித்தது.

இப்படி ஒரு துப்பாக்கி யாருடையது என்று தேடினால், முதல் துப்பு அதில் பொறித்த நம்பர்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1959 ஆயுதச் சட்டத்தின் 8-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் பெயரோ நம்பரோ வேறு அடையாளக் குறியோ இல்லாத துப்பாக்கியை விற்கவே கூடாது. நம்பர் அழிக்கப்பட்ட துப்பாக்கி உங்களிடம் சிக்கினால், அழித்தது நீங்கள்தான் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் வேலை. கொஞ்சம் கடுமைதான்.

2019 திருத்தம், முறைப்படி குறி இல்லாத துப்பாக்கிகளை நாட்டுக்குள் கொண்டுவருவதையும் சட்டவிரோதக் கடத்தல் என்கிறது. தண்டனை 10 ஆண்டு முதல் ஆயுள் வரை.

இறக்குமதிக் குறி எதற்கு?

தொழிற்சாலை நம்பர் முதலில் வாங்கியவர் வரைக்கும்தான் கொண்டுபோகும். அதன்பின் நாலு நாடு கை மாறியிருந்தால்? அதனால்தான், இறக்குமதி செய்த நாட்டையும் முடிந்தால் ஆண்டையும் பொறிக்கச் சொல்கிறது ஐ.நா. துப்பாக்கி நெறிமுறை. இந்தியா இதில் 2011-ல் சேர்ந்தது. விசாரணையை முதல் நாட்டுக்குப் பதில் கடைசி நாட்டிலிருந்து தொடங்கலாம்.

சரி, நாட்டுத் துப்பாக்கி?

இங்கேதான் ஓட்டை. இரும்பைக்கு வடக்கே, மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய கழுவெளி 2021-ல் பறவைகள் சரணாலயம் ஆனது. பரப்பு 5,151 ஹெக்டேர். அங்கே பறவை வேட்டைக்கு வரும் கள்ள நாட்டுத் துப்பாக்கி எந்தத் துறைமுகத்தையும் பார்த்ததில்லை. பட்டறையில் உருவாகிறது, நம்பர் கிடையாது. வழவழப்பான குழாயிலிருந்து பாயும் பால்ரஸ் குண்டில், ரைஃபிள் தோட்டாவில் விழுவது போன்ற வரிகளும் விழாது. தடயவியல் நிபுணருக்கு அந்த வழியும் அடைபடுகிறது.

லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்தால் 7 ஆண்டு முதல் ஆயுள் வரை தண்டனை உண்டு. ஆனால் சரணாலயத்தில் பிடிபடுவது சுட்டவர்தான். செய்தவர் யார் என்று தெரிய அவர் வாய் திறக்க வேண்டும்.