எலி மருந்துப் பெட்டிக்குச் சாவி எங்கே?

"அக்கா, கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு துண்டு பிளாஸ்டிக் சாவிக்காக எங்கள் வீட்டில் மூன்று நாளாகச் சண்டை" என்று எழுதியிருக்கிறார் ஒரு வாசகி. தரைத் தளத்தில் குடியிருக்கிறார். குழந்தைக்கு 14 மாதம். இப்போதுதான் தத்தித் தத்தி நடக்கிறதாம். சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கிற இடத்தில், பெஸ்ட் கன்ட்ரோல்காரர் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்து, உள்ளே எலி மருந்தைப் போட்டுப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். அவர் கொடுத்த சாவியைக் காணோம். வீட்டுக்காரர், "ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினா ரெண்டு நிமிஷம்" என்கிறார். மாமியார், "சனியனைத் தூக்கிக் குப்பையில போடும்மா" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம் அம்மா! ஏன் என்று சொல்கிறேன். அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகிய பிறகு இந்தக் கறுப்புப் பெட்டி நம் ஊரிலும் சகஜமாகிவிட்டது. வாசகிகள் பலருடைய வீட்டிலும் இருக்கலாம். அதனால் கொஞ்சம் விவரமாகவே பேசிவிடுவோம்.

முதலில், இந்தப் பெட்டிக்கு எதற்குப் பூட்டு? எலிக்குப் பூட்டு தேவையில்லை. அது பக்கத்து ஓட்டை வழியாகத் தாராளமாகப் போய் வரும். பூட்டு நம் குழந்தைக்காகவும் தெரு நாய்க்காகவும். நல்ல பெட்டிக்குள் ஒரு தடுப்புச் சுவர் இருக்கும். ஓட்டையில் கைவிட்டாலும் மருந்து எட்டாது. மருந்துக் கட்டிகளை உள்ளே ஒரு கம்பியில் கோத்திருப்பார்கள். பெட்டி ஆடினாலும் கட்டி வெளியே விழக்கூடாது, எலியும் முழுசாக இழுத்துக்கொண்டு போகக்கூடாது என்பதற்காகத்தான். ஆக, அந்தப் பெட்டியின் காவல் முழுவதும் மூடியில் உள்ள பூட்டில்தான் இருக்கிறது.

அதை நெம்பினால் என்ன ஆகும்? உள்ளே பூட்டைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடையும். அப்புறம் மூடியை அழுத்தினால் மூடினாற்போலவே இருக்கும், ஆனால் பூட்டாது. திறந்து கிடக்கிற பெட்டியை விட இது மோசம். திறந்து கிடந்தால் நாம் ஜாக்கிரதையாக இருப்போம். மூடியிருக்கிறது என்று நம்பி முதுகைத் திருப்பும் நேரத்தில்தான் குழந்தை போய் மூடியைத் தூக்கும். குப்பையில் போட்டாலும் ஆபத்து தீராது. நம் வீட்டை விட்டுத் தெருவுக்குப் போகும், அவ்வளவுதான். குப்பை பொறுக்குகிறவரின் கையும், மேய வருகிற மாடும் என்ன பாவம் செய்தன?

சரி, சாவிக்கு என்ன வழி? மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள், இது பீரோ சாவி மாதிரி இல்லை. பெரும்பாலும் ஒரே கம்பெனியின் ஒரே மாதிரிப் பெட்டிகளுக்கெல்லாம் ஒரே சாவிதான். ஆகவே பக்கத்து வீட்டிலோ மாடியிலோ அதே பெட்டி இருந்தால் அவர்கள் சாவியைக் கேட்டுப் பாருங்கள். குடியிருப்புச் சங்கத்துக் காரியதரிசியிடம் ஒன்று இருக்கலாம். பெட்டியை நீங்களே கடையில் வாங்கியிருந்தால், அது வந்த அட்டைப் பெட்டியை ஒரு தடவை உதறிப் பாருங்கள். சாவி அதிலேயே தங்கிப்போவது உண்டு. இவையெல்லாம் பலிக்காவிட்டால், மூடியின் மேல் உள்ள பெயரையும் பூட்டு இருக்கிற இடத்தையும் செல்போனில் படம் பிடித்து, வைத்துவிட்டுப் போனவருக்கே அனுப்புங்கள். அவர் கையில் சாவி இல்லாமல் தொழிலே நடக்காது! பெயரைத் தேடுகிறேன் என்று மட்டும் பெட்டியைக் கவிழ்த்துவிடாதீர்கள். உள்ளே உள்ள தூள் கொட்டும்.

"அதுவரைக்கும் மருந்து தீர்ந்துபோயிடுமே" என்று கவலைப்படுகிறீர்களா? ஒரு வாரம் தாமதமானால் குடி முழுகிவிடாது. குழந்தை இருக்கிற வீட்டில் எலியை விட முதலில் கவனிக்க வேண்டியது பெட்டியைத்தான். சாவி கிடைக்கிறவரை இப்படிச் செய்யுங்கள்:

பெட்டியைச் சுற்றித் தரையில் நீலம், பச்சை, சிவப்பு நிறத்தில் துணுக்கு ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு எடுத்து, தரையை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

பெட்டி தரையோடு பிணைக்கப்படாமல் இருந்தால், சாய்க்காமல் தூக்கி, ஓட்டைகளின் மேல் அகலமான டேப்பை ஒட்டி, இரண்டு பைக்குள் போட்டு, மேலே "எலி விஷம்" என்று கொட்டை எழுத்தில் எழுதி, பூட்டுகிற அலமாரியில் வையுங்கள். மளிகைச் சாமான் இருக்கும் பரணில் வேண்டவே வேண்டாம்.

தரையில் திருகி வைத்திருந்தால் அதை அசைக்க முடியாது. அப்போது அந்த இடத்துக் கதவைத் தாழிட்டு, குழந்தை அந்தப் பக்கமே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே யாராவது நெம்பிய பெட்டியானால், சாவி போட்டுப் பூட்டிய பிறகு மூடியைக் கையால் தூக்கிப் பாருங்கள். கொஞ்சம் அசைந்து கொடுத்தாலும் அந்தப் பெட்டிக்கு ஆயுசு முடிந்தது. திருப்பிக் கொடுத்து வேறு வாங்குங்கள். கயிறு கட்டி ஒப்பேற்றாதீர்கள்.

இனி, உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். இப்படிப்பட்ட பெட்டிகளில் சாதாரணமாக வைப்பது புரோமாடியோலோன் என்ற மருந்து சேர்த்த மெழுகுக் கட்டி. 100 கிராம் கட்டியில் 5 மில்லிகிராம் மருந்துதான் இருக்கும். இது ரத்தத்தை உறையவிடாமல் செய்கிற ஜாதி. இதற்கு ஒரு கதை உண்டு. 1920-களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் பூஞ்சணம் பிடித்த ஒருவகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. காரணத்தைத் தேடிப்போன விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியில் பிறந்ததுதான் வார்ஃபரின். 1948-ல் அது எலி மருந்தாக வந்தது. சில வருஷங்களில் மனிதருக்கும் மருந்தாயிற்று. இதய வால்வு ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டர் சொற்படி அளந்து சாப்பிடுகிறார்களே, அதே வார்ஃபரின்தான்! புரோமாடியோலோன் அதற்குப் பின்னால் வந்த தம்பி. ஆனால் அண்ணனை விட முரடன். உடம்பில் நெடுநாள் தங்கும்.

இந்த மருந்து மெதுவாகத்தான் வேலை செய்யும். எலி சாக நான்கைந்து நாள் ஆகும். குழந்தை தின்றுவிட்டாலும் அப்படியே: அன்றைக்குச் சிரித்து விளையாடும், கோளாறு இரண்டு மூன்று நாள் கழித்துத் தெரியலாம். ஆகவே "நல்லாத்தானே இருக்கான்" என்று விட்டுவிடக் கூடாது. ஒரு சின்னக் கடியில் பெரும்பாலும் பெரிய கெடுதல் வராது என்றாலும், எவ்வளவு தின்றது, எந்த மருந்து என்பதை வீட்டில் உட்கார்ந்து நாம் முடிவு செய்ய முடியாது.

வாயில் போட்டுவிட்டால் உடனே வாயில் உள்ளதை விரலால் எடுத்து, ஈரத்துணியால் துடையுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பால், எண்ணெய், மோர் என்று கை வைத்தியமும் வேண்டாம். மருந்தின் உறையை, அது இல்லாவிட்டால் பெட்டியின் படத்தையாவது எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், ஆம்புலன்சுக்கு 108. டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் விஷத் தகவல் மையத்தைக் கட்டணமில்லாமல் 1800 116 117-ல் கூப்பிடலாம். இந்த ஜாதி விஷத்துக்கு வைட்டமின் கே1 என்ற மாற்று மருந்து உண்டு. ரத்தத்தைச் சோதித்து, தேவையானால் டாக்டர் கொடுப்பார்.

உறை எதற்கு என்கிறீர்களா? எல்லா எலி மருந்தும் ஒன்றல்ல. மஞ்சள் பாஸ்பரஸ் பசை கல்லீரலை அழிக்கும். அதற்கு மாற்று மருந்தே இல்லை. தமிழ்நாடு அரசு அதன் விற்பனையைத் தடை செய்திருக்கிறது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரம் பட்டாலே விஷ வாயுவைக் கக்கும். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூர்ப் பக்கம் நடந்ததை நாமெல்லாம் படித்தோம். வீட்டுக்குள் எலி மருந்து வைத்துவிட்டுப் போனார்கள். குடும்பத்தோடு பாதிக்கப்பட்டு, இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். பெற்ற வயிறு எப்படித் துடித்திருக்கும்! ஆகவே மருந்து வைக்க வருகிறவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: "மருந்து பேர் என்ன? கட்டியா, தூளா? எத்தனை இடத்தில் வைத்தீர்கள்? சாவி எத்தனை?" பதிலை மளிகைக் கணக்கு நோட்டிலேயே தேதி போட்டு எழுதுங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவருக்கு உங்கள் வீட்டில் வேலை இல்லை.

இன்னொரு சின்ன விஷயம். இந்தக் கட்டியைக் கடையில் "எலி கேக்" என்று சொல்லி விற்கிறார்கள். குழந்தை காதில் விழும்படி வீட்டில் அப்படிச் சொல்லாதீர்கள். கேக் என்றால் அதற்குப் பிறந்தநாள் ஞாபகம்தான் வரும்! "எலி விஷம்" என்றே சொல்லிப் பழக்குங்கள்.

கைக்குழந்தை இருக்கும்வரை வீட்டுக்குள் மருந்தே வேண்டாம் என்பது என் கட்சி. பழைய கம்பிக்கூண்டுப் பொறியும் ஒரு துண்டுத் தேங்காயும் போதும். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடுக்கு இருந்தால் நுழைந்துவிடும். பெரிய எலிக்கு 12. குழாய் போகும் ஓட்டைகளில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து, மேலே சிமெண்டு பூசுங்கள். ராத்திரி எச்சில் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுங்கள். சாப்பாடும் வழியும் இல்லாத வீட்டில் எலி எதற்கு வாடகை இல்லாமல் குடியிருக்கப் போகிறது?

கடைசியாக, சாவி கிடைத்த பிறகு அதற்கு ஒரு நிரந்தர இடம் கொடுங்கள். பெட்டிக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினால் பூட்டியும் பயனில்லை. சிவப்பு நூலில் கோத்து, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வீட்டுச் சாவிக்கொத்தோடு மாட்டுங்கள். இன்னொன்றைக் கேட்டு வாங்கிக் காரியதரிசியிடம் கொடுத்து வையுங்கள். வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் இடம் தெரிந்திருக்கட்டும். வீடு மாற்றிப் போகும்போது பெட்டியையும் சாவியையும் சேர்த்தே திருப்பிக் கொடுங்கள். அடுத்து வருகிற வீட்டிலும் ஒரு தவழும் குழந்தை இருக்கலாம் அல்லவா?

அடுத்த இதழில் சந்திப்போம்.