வென்றவரும் விரைந்தவரும்

சாரல் தொடங்கிவிட்டால் தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் சாலையில் மாலை நடை போவது எனக்கும் என் நண்பர் ஒருவருக்கும் பல்லாண்டுப் பழக்கம். நண்பர் என்றாலும் வயதில் மூத்தவர். உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணாச்சி என்றுதான் அழைப்பேன். மேலகரத்தைக் கடக்கும்போது நான் திரிகூடராசப்பக் கவிராயரைப் பற்றி ஏதேனும் தொடங்குவேன். அவர் ஓட்டப் பந்தயத்தைப் பற்றித் தொடங்குவார். பெரும்பாலும் அவரே வெல்வார்.

அண்மையில் அவர் எழுப்பிய கேள்வி இது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் அரியானாவின் மஞ்சித் சிங் தங்கம் வென்றார். நேரம் 1 நிமிடம் 46.15 விநாடி. கேரளத்தின் ஜின்சன் ஜான்சன் 1 நிமிடம் 46.35 விநாடியில் இரண்டாமிடம். ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்பு குவாஹாட்டியில் 1 நிமிடம் 45.65 விநாடியில் ஓடி, 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஸ்ரீராம் சிங் படைத்த தேசியச் சாதனையை நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் முறியடித்தவர் ஜின்சன். இவ்விருவரில் யார் பெரிய ஓட்டக்காரர்?

"கடியாரம் பொய் சொல்லாது, பாத்துக்கிடுங்க தம்பி. பதக்கம் அன்னைக்கு யார் யார் வந்திருந்தாங்கங்கிறதப் பொறுத்தது" என்றார் அண்ணாச்சி.

அவர் தரப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. ஸ்ரீராம் சிங்கையே பாருங்கள். மான்ட்ரியல் இறுதிப் போட்டியில் முதல் சுற்றில் முன்னணியில் ஓடியவர் அவர். பந்தயத்தின் வேகத்தை வகுத்தவரும் அவரே. கியூபாவின் அல்பெர்ட்டோ ஹுவான்டொரேனா 1 நிமிடம் 43.50 விநாடியில் உலக சாதனையோடு வென்றார். ஸ்ரீராம் சிங் ஏழாவதாக வந்தார். நேரம் 1 நிமிடம் 45.77 விநாடி. அந்த ஏழாமிடம் ஆசியப் போட்டித் தங்கங்கள் பலவற்றைவிட மேலானது என்பதை யார் மறுப்பர்? 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ஜெர்மனியின் நில்ஸ் ஷூமன் 1 நிமிடம் 45.08 விநாடியில் தங்கம் வென்றார். நூறில் ஆறு பங்கு விநாடி பிந்தி இரண்டாவதாக வந்த வில்சன் கிப்கெட்டர், அதற்கு மூன்றாண்டு முன்பு 1 நிமிடம் 41.11 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தவர். உலகப் பட்டத்தை மூன்று முறை வென்ற கிப்கெட்டருக்கு ஒலிம்பிக் தங்கம் கடைசிவரை வாய்க்கவில்லை. ஷூமன் அவரைவிடச் சிறந்தவர் என்று சொல்ல எவருக்கும் நா எழாது.

இத்தனையையும் ஒப்புக்கொண்ட பின்னரும் நான் அண்ணாச்சியோடு உடன்படவில்லை. காரணம் நடுத்தூர ஓட்டத்தின் இயல்பிலேயே இருக்கிறது.

நூறு மீட்டர் ஓட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தடம் உண்டு. பக்கத்திலிருப்பவர் இல்லாவிட்டாலும் ஓட்டம் பெரிதாக மாறிவிடாது. 800 மீட்டரில் முதல் வளைவு முடிந்ததும் எல்லோரும் உள்தடத்துக்கு வந்துவிடலாம். அக்கணம் முதல் அது பலர் கூடி நடத்தும் ஒரு பேச்சுவார்த்தை. முன்னால் ஓடுபவர் காற்றைத் தாங்குகிறார். பின்னால் ஓடுபவர் அவர் முதுகில் ஒதுங்கிச் சக்தியைச் சேமிக்கிறார். உள்ளே ஓடினால் தூரம் குறைவு, ஆனால் சுற்றி ஆள் நெருங்கி அடைபட்டுப் போகலாம். வெளியே ஓடினால் வழி திறந்திருக்கும், ஆனால் தூரம் கூடும். ஒரு தடத்தின் அகலம் 1.22 மீட்டர். ஒரு முழு வளைவை ஒரு தடம் தள்ளி ஓடினால் சுமார் 3.8 மீட்டர் அதிகம் ஓட வேண்டும். மஞ்சித் ஓடிய வேகத்தில் அது ஏறத்தாழ அரை விநாடி. அவருக்கும் ஜின்சனுக்கும் இடையே இருந்ததோ ஐந்தில் ஒரு பங்கு விநாடி. கடிகாரம் பொய் சொல்லாதுதான். ஆனால் ஓடியவர் எந்த வழியாக வந்தார், எவ்வளவு தூரம் ஓடினார் என்பது கடிகாரத்துக்குத் தெரியாது.

சாதனைக்காக நடத்தப்படும் பந்தயங்களில் 'பேஸ்மேக்கர்' எனப்படும் கூலி ஓட்டக்காரர் உண்டு. குறித்த வேகத்தில் முன்னால் ஓடிக் காற்றை உடைத்துக் கொடுத்துவிட்டுப் பாதியில் விலகிக்கொள்வது அவர் வேலை. பட்டப் போட்டியில் அவர் கிடையாது. தகுதிச் சுற்றும் அரையிறுதியும் ஓடித் தளர்ந்த கால்களோடு, யார் எப்போது வேகமெடுப்பார் என்று தெரியாமல் இறுதிப் போட்டியில் நிற்க வேண்டும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 1500 மீட்டரை அமெரிக்காவின் மாத்யூ சென்ட்ரோவிட்ஸ் 3 நிமிடம் 50.00 விநாடியில் வென்றார். 1932க்குப் பின் அவ்வளவு மெதுவாக எவரும் அந்தத் தங்கத்தை வென்றதில்லை. பலர் நகைத்தனர். ஆனால் கடைசி 400 மீட்டரை அவர் 51 விநாடிக்குள் ஓடினார். உலகின் மிகச் சிறந்த ஓட்டக்காரர்களை முன்னால் நின்று மெதுவாக ஓட வைத்து, பின் அவர்கள் முந்த முடியாதபடி ஓடியது திறமையில்லையா? வேகத்தைக் கூட்ட மற்ற எவருக்கும் அங்கே தடையிருக்கவில்லையே.

மறுபக்கம் 2024 பாரிஸ். நார்வேயின் யாக்கோப் இங்கெப்ரிக்ட்சன் தொடக்கத்திலிருந்தே முன்னணியில் கடும் வேகத்தில் ஓடினார். அவர் முதுகில் ஒதுங்கி வந்த மூவர் இறுதியில் அவரைக் கடந்தனர். கோல் ஹாக்கர் 3 நிமிடம் 27.65 விநாடியில் ஒலிம்பிக் சாதனையோடு வென்றார், இங்கெப்ரிக்ட்சன் நான்காமிடம். அந்தச் சாதனை நேரத்தில் அவருடைய உழைப்பும் கலந்திருக்கிறது. ஆயினும் பந்தயத்தைச் சரியாகப் படித்தவர் ஹாக்கர்தான்.

இரண்டும் ஒருவரிடமே கூடுவது மிக அரிது. 2012 லண்டனில் கென்யாவின் டேவிட் ருடிஷா எவருடைய துணையுமின்றி முதல் அடியிலிருந்து முன்னணியில் ஓடி 1 நிமிடம் 40.91 விநாடியில் உலக சாதனையோடு வென்றார். அன்று எட்டாவதாக, கடைசியாக வந்தவரின் நேரம் அதற்கு முந்தைய மூன்று ஒலிம்பிக்குகளிலும் தங்கம் வாங்கித் தந்திருக்கும். அதை விதியாகக் கொண்டு மற்ற வெற்றிகளைக் குறைகூறுவது, கம்பனை வைத்துக்கொண்டு மற்றக் கவிஞர் எல்லோரையும் தள்ளிவிடுவது போன்றது.

இங்கே எனக்குப் புறநானூற்றின் 66ஆம் பாட்டு நினைவுக்கு வருகிறது. வெண்ணிப் போரில் கரிகாலன் வென்றான். தோற்ற சேரன் முதுகில் புண்பட்டதற்கு நாணி வடக்கிருந்தான். வெண்ணிக் குயத்தியார் வென்ற மன்னனை நோக்கியே பாடுகிறார்: அவன் வெற்றியைச் சொல்லிவிட்டு, உன்னைவிட அவன் நல்லவன் அல்லவா என்று கேட்கிறார். இப்பாட்டை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுவேன். புலவர் கரிகாலனின் வெற்றியை மறுக்கவில்லை. வெற்றி ஒரு கணக்கு, மேன்மை இன்னொரு கணக்கு. ஒன்றை எழுதியதால் மற்றது அழிந்துவிடாது. அண்ணாச்சியின் வாதத்தில் உள்ள பிழை இதுதான். ஜின்சனின் மேன்மையைக் காட்ட மஞ்சித்தின் வெற்றியைச் சிறுமைப்படுத்த வேண்டியதில்லை. ஜின்சனும் அதே போட்டியில் 1500 மீட்டர் தங்கத்தை வென்று தம் கணக்கைத் தாமே எழுதிக்கொண்டார்.

எனவே என் கருத்து: நடுத்தூர ஓட்டத்தில் பட்டப் போட்டி வெற்றி, நேரத்தைவிட ஒரு படி மேலானது. ஆனால் வெற்றி என்று நான் சொல்வது பதக்கத்தை அன்று. ஓட்டத்தைச் சொல்கிறேன். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதியதால் நம் மாநிலத்தில் நேர்ந்தவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன், செங்கற்சூளைத் தொழிலாளர் குடும்பத்துப் பெண். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி, கஜகஸ்தான் வீராங்கனையை நூறில் மூன்று பங்கு விநாடியில் முந்தி வெள்ளி வென்றார். பின்னர் பாலினப் பரிசோதனையில் தேறவில்லை என்று பதக்கம் பறிக்கப்பட்டது. அவர் ஊக்க மருந்து உண்ணவில்லை, எவரையும் ஏமாற்றவில்லை. பிறந்த உடம்போடு ஓடினார். சில ஆண்டுகளில் அவர் சூளையில் தினக்கூலிக்கு வேலை செய்த செய்தியை நாம் படித்தோம். பின்னர் பயிற்சியாளர் படிப்பு முடித்து, 2016இல் அரசுப் பயிற்சியாளர் ஆனார். பெண்கள் பிரிவின் எல்லையை எப்படி வகுப்பது என்பது கடினமான கேள்வி. உலகத் தடகள அமைப்பு 2025 செப்டம்பர் முதல் மரபணுப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால் எல்லை வகுப்பது வேறு. வகுக்கப்பட்ட எல்லைக்கு வெளியே நிற்க நேர்ந்தவரை ஊரறியக் குற்றவாளிபோல் நிறுத்துவது வேறு. 2009இல் பெர்லினில் 800 மீட்டர் உலகப் பட்டம் வென்ற தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யாவும் இத்தகைய பரிசோதனைக்கு உள்ளானார்; அவர் பதக்கம் பறிக்கப்படவில்லை. சாந்திக்காக அப்படி வாதாட அன்று இங்கே யார் இருந்தார்கள்?

திருச்சிக்கு அருகிலுள்ள முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து, 2019 ஏப்ரலில் அதே தோஹாவில் ஆசியத் தடகளப் போட்டியின் 800 மீட்டரில் 2 நிமிடம் 2.70 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 30. அவர் ஊக்க மருந்துப் பரிசோதனையில் சிக்கியது அடுத்த மாதமே வெளிவந்தது. அவர் குற்றச்சாட்டை மறுத்தார். 2020இல் நான்காண்டுத் தடை உறுதியானது. தங்கம் சீனத்தின் வாங் சுன்யூவுக்குச் சென்றது. இங்கே பதக்கத்தோடு வெற்றியும் போய்விட்டது என்பதே என் எண்ணம். போட்டியின் அடிப்படை உடன்பாடு முறிந்தால் உடன் ஓடியவர்கள் அனைவரும் ஏமாற்றப்பட்டவர்கள் ஆகிறார்கள். வாங் சுன்யூவுக்குக் கிடைத்திருக்க வேண்டிய மேடையைப் பின்னாளில் தரப்பட்ட பதக்கம் ஈடுசெய்யாது.

இரண்டும் முற்றிலும் வேறான வழக்குகள். சாந்தியின் பதக்கம் போனது, ஓட்டம் நிற்கிறது. கோமதியின் ஓட்டமே நிற்கவில்லை. ஆனால் நாம் இருவரிடமும் ஒரேமாதிரி நடந்துகொண்டோம். வென்றபோது மாலையும் பரிசுத் தொகையும்; பதக்கம் போனதும் மௌனம். ஓட்டத்தைப் பார்க்கத் தெரிந்த சமூகமாயிருந்தால் இவ்விரண்டையும் பிரித்தறிந்திருக்கும்.

பிறரைச் சொல்வதில் என்ன இருக்கிறது? சில ஆண்டுகளுக்கு முன் விளையாட்டு ஒதுக்கீட்டில் மாணவர் சேர்க்கும் குழு ஒன்றில் நானும் உறுப்பினனாக இருந்தேன். ஒரே இடம், இரண்டு பெண்கள். ஒருத்தி மாவட்டப் போட்டியில் 800 மீட்டரில் முதலிடம், மற்றவள் வேறொரு மாவட்டத்தில் இரண்டாமிடம். இரண்டாவது பெண்ணின் நேரம் ஐந்து விநாடி குறைவு என்று அவளை அழைத்து வந்த ஆசிரியை சொன்னார். சான்றிதழில் நேரம் இல்லை, இடம் மட்டுமே இருந்தது. விதிப்படி முதலிடத்துக்கு வாக்களித்தோம். நானும் கை தூக்கினேன். அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. சான்றிதழை நெகிழிப் பையில் மடியாமல் வைத்துக்கொண்டு வெளியேறினாள்.

இதைச் சொன்னபோது அண்ணாச்சி நின்றுவிட்டார். "அப்ப நான் சொன்னதுதானே சரி? கடியாரத்தப் பாத்திருந்தா அவளுக்குக் கெடச்சிருக்கும்லா?" என்றார்.

எனக்கு உடனே விடை வரவில்லை. நடந்துகொண்டே யோசித்துப் பார்த்தேன். கடிகாரத்தைப் பார்த்திருந்தால் முதலிடம் பெற்ற பெண்ணுக்கு அநீதி நேர்ந்திருக்கலாம். அவள் ஓடியது மழையில் ஊறிய மண் தரையாக இருந்திருக்கலாம், அவளுக்கு ஈடுகொடுத்து ஓட ஆளில்லாமல் இருந்திருக்கலாம். நாங்கள் செய்திருக்க வேண்டியது இருவரையும் மைதானத்துக்கு அழைத்து ஒருமுறை ஓடச் சொல்லிப் பார்ப்பது. அதற்கு அரைமணி நேரம் ஆகியிருக்கும். எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. எங்கள் முன் காகிதம் இருந்தது, அது போதுமென்று நினைத்தோம்.

இதே குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி., பாட்டின்மேல் ஒட்டியிருந்த பெயரையும் புகழையும் ஒதுக்கிவிட்டுப் பாட்டைக் காதால் கேட்டு முடிவு சொன்னவர். அவர் முடிவுகள் பலவற்றை நான் ஏற்பதில்லை. கம்பனில் அவர் கழித்த பாடல்களுக்காக இன்றும் எனக்கு வருத்தமுண்டு. ஆனால் கேட்ட பிறகே தீர்ப்புச் சொன்னார் என்பதை மறுக்க முடியாது. ஓட்டத்துக்கும் அந்த மரியாதை வேண்டும். பதக்கப் பட்டியலும் நேரப் பட்டியலும் இரண்டுமே காகிதங்கள்தாம். ஒன்றைவிட மற்றது உயர்ந்தது என்று வாதிடும் நாம், பெரும்பாலும் பந்தயத்தை முழுதாகப் பார்த்தவர்கள் அல்லர்.

அண்ணாச்சி இன்னும் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அடுத்த குடியரசு தின விளையாட்டுப் போட்டிகளின்போது மைதானத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார். போக வேண்டும்.